குரல் வழியே ஒரு காவல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்ள பெரிய பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் ஒரு சிறு நகரத்திற்கு ஒப்பானது. வகுப்பறைகள், ஆய்வுக்கூடங்கள், நூலகங்கள் ஆகியவற்றோடு மாணவர் விடுதிகளும் உணவுக்கூடங்களும் விளையாட்டரங்குகளும் ஒரே வளாகத்தில் அமைந்திருக்கும். பல்லாயிரவர் அங்கே இரவும் பகலும் வாழ்கின்றனர். மக்கள் கூடி வாழுமிடத்தில் நோயும் விபத்தும் தீயும் திருட்டும் நேர்வதுண்டு. ஆகவே அப்பல்கலைக்கழகங்களுள் பல தமக்கெனத் தனிக் காவல்துறையை அமைத்துள்ளன.

அத்துறையின் சீருடைக் காவலர்களை மாணவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். ஆனால் அக்காவலர்களை உரிய இடத்திற்கு உரிய நேரத்தில் அனுப்பி வைப்பவரை எவரும் காண்பதில்லை. அவருடைய குரலை மட்டுமே கேட்கின்றனர். கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கும் அவரை அமெரிக்கர் டிஸ்பாட்சர் என்பர். தமிழில் அவசர அழைப்புப் பணியாளர் எனலாம். அவருடைய பணி எவ்வாறு நடைபெறுகிறது, அப்பணிக்குரிய விதிகள் எவ்வாறு தோன்றின என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வளாகக் காவலின் தோற்றம்

அமெரிக்காவில் வளாகக் காவல்துறையின் வரலாறு யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. 1894ஆம் ஆண்டு நியூ ஹேவன் நகரக் காவலர் இருவர் அப்பல்கலைக்கழகத்திற்கெனத் தனியே நியமிக்கப்பட்டனர். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயருக்குச் சென்னையோடு ஒரு தொடர்பு உண்டு. 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்த எலிஹு யேல் என்பவரின் பெயரே அதற்கு இடப்பட்டுள்ளது.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் வாயிற்காவலரும் பாதுகாப்புப் பணியாளருமே இருப்பர். குற்றம் நிகழ்ந்தால் அவ்வூர்க் காவல் நிலையத்திற்கே செய்தி செல்லும். அமெரிக்க வளாகக் காவலர் பலர் அவ்வாறல்லர். நகரக் காவலரைப் போலவே அவர்களும் பயிற்சி பெற்றவர்கள். கைது செய்யும் அதிகாரம் உடையவர்கள். ஆதலால் அவர்களுக்கெனத் தனிக் கட்டுப்பாட்டு அறையும் தேவைப்படுகிறது.

மூன்று இலக்க எண்

அவசர உதவிக்கெனப் பொதுவான எண் ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் ஒரு துயரத்திலிருந்து பிறந்தது. 1935ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலண்டனில் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி எரிந்தது. அண்டை வீட்டார் ஒருவர் தீயணைப்பு நிலையத்தை அழைக்க முயன்றார். அவருடைய அழைப்பு மற்ற அழைப்புகளோடு வரிசையில் காத்திருந்தது. அந்தத் தீயில் ஐந்து பெண்கள் உயிரிழந்தனர். இதன் விளைவாக 1937ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இலண்டனில் 999 என்னும் எண் நடைமுறைக்கு வந்தது. அவ்வெண்ணைச் சுழற்றியவுடன் தொலைபேசி நிலையத்தில் தனி ஒலி எழும். அவ்வழைப்பு பிற அழைப்புகளுக்கு முன்னே ஏற்கப்படும்.

அமெரிக்காவில் அதற்குப் பின்னும் முப்பது ஆண்டுகள் ஒவ்வோர் ஊருக்கும் வெவ்வேறு எண்களே இருந்தன. 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்னும் சிற்றூரில் 911 என்னும் எண்ணிற்கு முதல் அழைப்பு விடுக்கப்பட்டது. இன்று அந்நாடு முழுவதிலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 24 கோடி அழைப்புகள் அவ்வெண்ணிற்கு வருவதாக மதிப்பிடப்படுகிறது.

எங்கே என்பதே முதல் வினா

அழைப்பு வந்தவுடன் பணியாளர் கேட்கும் முதல் வினா 'என்ன நடந்தது?' என்பதன்று, 'எந்த இடத்தில்?' என்பதே. இதற்குத் தக்க காரணம் உண்டு. இடம் தெரிந்தபின் அழைப்பு துண்டிக்கப்பட்டாலும் காவலரை அனுப்பலாம். நிகழ்வு முழுவதும் தெரிந்தும் இடம் தெரியாவிடில் எவரையும் எங்கும் அனுப்ப இயலாது.

வளாகத்தில் கம்பிவழித் தொலைபேசியிலிருந்து வரும் அழைப்பு, கட்டடம், தளம், அறை எண் ஆகியவற்றோடு பணியாளரின் திரையில் தோன்றுமாறு அமைக்கலாம். பல வளாகங்களில் நடைபாதையோரம் நீல விளக்குக் கம்பங்கள் நிற்கின்றன. கம்பத்திலுள்ள பொத்தானை அழுத்தியவுடன் அழைப்பு நேரே வளாகக் காவல்துறைக்குச் செல்லும். அழைப்பவர் ஒரு சொல்லும் பேசாவிடினும் எந்தக் கம்பம் என்பது தெரிந்துவிடும்.

கைப்பேசியின் நிலை வேறு. கைப்பேசியில் 911ஐ அழைத்தால் அவ்வழைப்பு அருகிலுள்ள கைப்பேசிக் கோபுரத்தின் வழியே செல்லும். அக்கோபுரம் எந்த நிலையத்தோடு இணைக்கப்பட்டிருந்ததோ அந்நிலையமே அழைப்பை ஏற்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. வளாகத்திற்குள் நின்று அழைப்பவரின் குரல் இன்றும் நகரக் காவல் நிலையத்திற்கோ மாவட்ட நிலையத்திற்கோ சென்று சேரக்கூடும். அங்குள்ள பணியாளர் இடத்தை அறிந்து, வளாகக் காவல்துறைக்கு அழைப்பை மாற்றித் தர வேண்டும். வளாகக் காவல்துறையின் நேரடி எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுமாறு புதிய மாணவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் அறிவுறுத்துவது இதனால்தான்.

இடத்தை அறிவதில் வளாகப் பணியாளருக்கு ஒரு தனித்திறன் உண்டு. மாணவர்கள் தெருப்பெயரும் கதவு எண்ணும் சொல்வதில்லை. 'பழைய வேதியியல் கட்டடத்தின் பின்புறம்' என்பர். 'மணிக்கூண்டுக்கு அருகே' என்பர். அச்சொற்களைக் கேட்டவுடன் வரைபடத்தில் உரிய புள்ளியைக் காட்டப் பணியாளர் அறிந்திருக்க வேண்டும். இரவில் எந்த வாயில் பூட்டப்படும், எந்தக் கட்டடத்தில் மின்தூக்கி உண்டு, எந்தச் சாலையில் அவசர ஊர்தி நுழைய இயலாது என்பனவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் அழைப்பின் போக்கு

இரவு பதினொரு மணிக்கு நூலகத்தின் மூன்றாம் தளத்தில் மாணவர் ஒருவர் திடீரென விழுந்துவிட்டார் எனக் கொள்ளலாம். அவருடைய தோழர் அழைக்கிறார்.

"உதவி எந்த இடத்திற்கு வேண்டும்?"

"நூலகம். மூன்றாம் தளம். விரைந்து வாருங்கள்!"

"மூன்றாம் தளத்தில் எந்தப் பக்கம்?"

"சன்னல் ஓரம். இதழ்கள் அடுக்கிய பகுதி."

"என்ன நேர்ந்தது என்று சொல்லுங்கள்."

"என் தோழர் விழுந்துவிட்டார். எழுப்பினேன், எழவில்லை."

"அவர் இயல்பாக மூச்சு விடுகிறாரா?"

"இல்லை என்றே நினைக்கிறேன்."

இவ்வளவும் ஒரு நிமிடத்திற்குள் முடிய வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே பணியாளரின் விரல்கள் விசைப்பலகையில் இயங்குகின்றன. அவர் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு வரியும் நேரக்குறிப்போடு கணினியில் பதிவாகிறது. கம்பியில்லாத் தொடர்புக் கருவியின் வழியே அருகிலுள்ள காவலருக்கு ஆணை செல்கிறது. அவசர ஊர்திக்கும் செய்தி செல்கிறது. பகல் நேரமாயின் ஒருவர் அழைப்பவரோடு பேச, மற்றொருவர் காவலரோடு பேசுவார். சிறிய வளாகங்களில் இரவுப்பணியில் ஒருவரே இருப்பதும் உண்டு. அப்போது இரண்டையும் அவர் ஒருவரே செய்தாக வேண்டும்.

உதவி வந்து சேரும்வரை வாளாவிருத்தல் கூடாது. மூச்சும் நாடியும் நின்றவருக்கு இதய அழுத்த முதலுதவியோ மின்னதிர்ச்சியோ கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் உயிர் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைக்கும் என்பது மருத்துவர் கணிப்பு. எனவே பணியாளர் தொலைபேசி வழியே முதலுதவியை நடத்துகிறார். "அவரைத் தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். மார்பின் நடுவில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள். மற்றொரு கையை அதன்மேல் வைத்து வலுவாகவும் விரைவாகவும் அழுத்துங்கள். என்னோடு சேர்ந்து எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று அவர் எண்ணத் தொடங்குகிறார். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்த வேண்டும். அருகில் நிற்கும் வேறொருவரை வாயிலுக்குச் சென்று காவலரை அழைத்துவரச் சொல்வதும், சுவரில் உள்ள இதயத்துடிப்பு மீட்புக் கருவியை எடுத்துவரச் சொல்வதும் அவர் கடமையே.

தொலைபேசி வழியே மருத்துவ அறிவுரை வழங்கும் இம்முறைக்கு வரையறுத்த வினாப்பட்டியல் ஒன்று தேவை என உணர்ந்தவர், சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த மருத்துவர் ஜெஃப் கிளாசன். 1970களின் இறுதியில் அவர் வகுத்த முறை பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது.

எல்லா அழைப்பும் இத்தகையன அல்ல. அறைச்சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டவர் அழைப்பார். மின்தூக்கியில் சிக்கிக்கொண்டவர் அழைப்பார். மக்காச்சோளப் பொரி கருகியதால் விடுதியின் தீ எச்சரிக்கை மணி ஒலிக்கும். நள்ளிரவில் ஆய்வுக்கூடத்திலிருந்து விடுதிக்குத் தனியே நடக்க அஞ்சும் மாணவி துணை வேண்டுவார். இவற்றுக்கிடையே எப்போது உயிர்போகும் அழைப்பு வரும் என்பதை எவரும் அறியார். ஆகவே ஒவ்வோர் அழைப்பையும் ஒரே பொறுமையோடு ஏற்பதே பணியின் முதற்பண்பு.

'ஒன்பது' என்னும் தடை

பல அலுவலகங்களிலும் கல்வி நிலையங்களிலும் தங்கும் விடுதிகளிலும் வெளியே உள்ளவரை அழைக்க முதலில் 9 என்னும் எண்ணை அழுத்த வேண்டிய முறை நெடுங்காலம் இருந்தது. 2013ஆம் ஆண்டு டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் நகரில், தங்கும் விடுதி ஒன்றில் கேரி ஹண்ட் என்னும் பெண் தாக்கப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் அறையிலிருந்த தொலைபேசியில் 911ஐ நான்கு முறை அழைத்தாள். பள்ளியிலும் வீட்டிலும் கற்பித்ததை அக்குழந்தை தவறாமல் செய்தாள். ஆயினும் முன்னால் 9 சேர்க்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. ஓர் அழைப்பும் செல்லவில்லை. தாய் உயிரிழந்தார்.

கேரியின் தந்தை இதனை மாற்ற வேண்டுமெனப் பாடுபட்டார். முன்னெண் எதுவுமின்றி 911ஐ நேரே அழைக்க வழி இருத்தல் வேண்டும் என்னும் 'கேரி சட்டம்' 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் கையெழுத்தாயிற்று. ஹேலிவில் ஊரில் முதல் அழைப்பு விடுக்கப்பட்டு அன்றோடு ஐம்பது ஆண்டுகள் நிறைவுற்றிருந்தன. ஒரே நிறுவனத்தில் பல இணைப்புகளைக் கொண்ட பல்கலைக்கழகங்களின் தொலைபேசி அமைப்புகளுக்கும் இச்சட்டம் பொருந்தும்.

எச்சரிக்கும் கடமை

வளாகப் பணியாளருக்கு நகரப் பணியாளரினும் கூடுதலான ஒரு பொறுப்பு உண்டு. 1986ஆம் ஆண்டு பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் ஜீன் கிளெரி என்னும் மாணவி தம் விடுதி அறையில் கொல்லப்பட்டார். வளாகத்தில் நிகழும் குற்றங்களை மாணவரும் பெற்றோரும் அறிய உரிமை உடையவர் என்று அவருடைய பெற்றோர் வாதாடினர். அதன் பயனாக 1990ஆம் ஆண்டு பிறந்த சட்டம் இன்று அம்மாணவியின் பெயராலேயே வழங்குகிறது. வளாகக் காவல்துறை நாள்தோறும் குற்றப் பதிவேடு பேண வேண்டும். அதனை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். தொடரும் ஆபத்து இருப்பின் காலத்தில் எச்சரிக்க வேண்டும் என்பன அதன் விதிகள். அழைப்புப் பணியாளர் எழுதும் குறிப்பே பெரும்பாலும் அப்பதிவுகளுக்குத் தொடக்கம்.

எச்சரிக்கை எவ்வளவு விரைவாக இருத்தல் வேண்டும் என்பதை 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் உணர்த்தியது. அன்று காலை ஏறத்தாழ 7.15 மணிக்கு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக விடுதி ஒன்றில் இருவர் சுடப்பட்டனர். வளாகத்தினருக்கு முதல் மின்னஞ்சல் 9.26 மணிக்கே சென்றது. அதற்குள் மாணவர்கள் வழக்கம்போல வகுப்புகளுக்குச் சென்றுவிட்டனர். சிறிது நேரத்தில் அதே கொலையாளி நாரிஸ் ஹால் என்னும் கட்டடத்தில் சுடத் தொடங்கினான். 9.41 மணிக்கு அங்கிருந்து வந்த அழைப்பு பிளாக்ஸ்பர்க் நகரக் காவல்துறைக்குச் சென்றது. சுடும் இடம் எது என்பதை அறிவதில் அங்கிருந்த பணியாளருக்குத் தொடக்கத்தில் இடர்ப்பாடு ஏற்பட்டது. வளாகம் எனத் தெரிந்தபின் அழைப்பு வளாகக் காவல்துறைக்கு மாற்றப்பட்டது. 9.42 மணிக்கு அது வளாகக் காவல்துறையை அடைந்தது, 9.45 மணிக்குக் காவலர் அக்கட்டடத்தின் முன் நின்றனர். ஆயினும் அன்று மாணவரும் ஆசிரியருமாக 32 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர், நீரியல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். தமிழ்நாட்டின் கோபிசெட்டிபாளையம் பகுதியைச் சேர்ந்தவர் அவர்.

முதல் நிகழ்வு தெரிந்தவுடனேயே எச்சரிக்கை விடுத்திருக்க வேண்டும் என்று மாநில ஆளுநர் அமைத்த ஆய்வுக்குழு கூறியது. 2008ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து விளைக்கும் நிகழ்வு உறுதியானவுடன் காலந்தாழ்த்தாது வளாகத்தினர் அனைவருக்கும் அறிவித்தல் வேண்டும் என்பது அத்திருத்தம். இன்று பல வளாகங்களில் கைப்பேசிக் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், ஒலிபெருக்கி ஆகியவற்றின் வழியே எச்சரிக்கை ஒரே வேளையில் செல்கிறது. அதனை அனுப்பும் விசை பெரும்பாலும் கட்டுப்பாட்டு அறையிலேயே இருக்கிறது.

காணாத முடிவு

இப்பணி இருபத்து நான்கு மணி நேரமும் நடைபெறுவது. பண்டிகை நாளிலும் விடுமுறையிலும் பனிப்புயலிலும் அவ்விருக்கை வெறுமையாய் இருத்தல் கூடாது. எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ தொடர்ந்து பல திரைகளை நோக்கியவாறு அமர்ந்திருப்பது உடலை வருத்தும். அதனினும் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. காவலர் வந்தவுடன் அழைப்பு முடிந்துவிடுகிறது. விழுந்த மாணவர் பிழைத்தாரா என்பது பல வேளைகளில் பணியாளருக்குத் தெரிவதே இல்லை. அடுத்த நொடியில் மற்றோர் அழைப்பு ஒலிக்கிறது. கேட்ட அலறலை மனத்தில் அடக்கிக்கொண்டு, சாவியைத் தொலைத்தவருக்கு அதே கனிவோடு விடை கூற வேண்டும்.

இத்தகையோரை அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாடு நெடுங்காலமாக அலுவலக எழுத்தர் பிரிவிலேயே வைத்துள்ளது. காவலரும் தீயணைப்பு வீரரும் உள்ள பாதுகாப்புப் பிரிவில் தம்மையும் சேர்க்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. கலிஃபோர்னியாவில் 1981ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கத்தின்படி ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதத்தின் இரண்டாம் வாரம் இப்பணியாளரைப் போற்றும் வாரமாகக் கொண்டாடப்படுகிறது.

அழைப்பவர் செய்ய வேண்டியவை

இந்தியாவிலும் காவலுக்கு 100, தீயணைப்புக்கு 101, அவசர ஊர்திக்கு 108 எனத் தனித்தனி எண்கள் வழங்கி வந்தன. எல்லா உதவிக்கும் 112 என்னும் ஒரே எண் 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இமாசலப் பிரதேசத்தில் தொடங்கி, பிற மாநிலங்களுக்கும் விரிந்தது. எந்த நாட்டில் எந்த எண்ணை அழைத்தாலும் அழைப்பவரின் கடமை ஒன்றே. முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். கேட்ட வினாவிற்கு மட்டும் சுருக்கமாக விடை கூற வேண்டும். வினாக்கள் தொடர்வதால் உதவி தாமதமாகிறது எனச் சினத்தல் ஆகாது. பேசிக்கொண்டிருக்கும்போதே பெரும்பாலும் உதவி புறப்பட்டிருக்கும். பணியாளர் சொல்லும்வரை அழைப்பைத் துண்டித்தல் கூடாது. தவறுதலாக அழைத்துவிட்டால் அஞ்சி வைத்துவிடாமல், தவறு என்று சொல்லி வைக்க வேண்டும். இல்லையேல் ஆபத்தில் உள்ளவரோ என எண்ணி அவர்கள் திரும்ப அழைப்பர். சில வேளைகளில் காவலரையும் அனுப்புவர். விளையாட்டாகச் செய்யும் பொய் அழைப்பு, மெய்யாகவே உதவி வேண்டும் ஒருவருடைய நிமிடங்களைப் பறித்துவிடும்.

சொற்பொருள்

வளாகம் – ஒரு நிறுவனத்தின் கட்டடங்கள் அமைந்துள்ள சுற்றெல்லை
மின்தூக்கி – லிஃப்ட்
வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாமல் இருத்தல்
இடர்ப்பாடு – தடை, துன்பம்
பேணுதல் – காத்து வருதல்
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் கணக்கு

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 999 என்னும் எண் தோன்றக் காரணமாயிருந்த நிகழ்வு யாது?
2. பணியாளர் 'எந்த இடத்தில்?' என்று முதலில் கேட்பது ஏன்?
3. நீல விளக்குக் கம்பங்களின் பயன் யாது?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. கேரி சட்டம் தோன்றிய வரலாற்றை எழுதுக.
2. வளாகத்தில் கைப்பேசியில் அழைப்பதற்கும் கம்பிவழித் தொலைபேசியில் அழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

இ. பிரித்து எழுதுக.
அவ்வழைப்பு, முதலுதவி, தமக்கென, கட்டுப்பாட்டறை

ஈ. செயல்பாடு
உம் பள்ளியில் ஒருவர் மயங்கி விழுந்தால் 112ஐ அழைத்து எவ்வாறு இடத்தைத் தெரிவிப்பீர்? அருகிலுள்ள அடையாளங்களைக் குறிப்பிட்டு, இருவர் உரையாடலாக எழுதி வகுப்பில் நடித்துக் காட்டுக.